எரிப் பட்டுப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆமணக்கும் மரவள்ளியும் போடும் விவசாயிகள், பட்டு வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள், மாணவர்கள், கைத்தறிக்காரர்கள் எனப் பலரும் இந்தப் பூச்சியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை ஒட்டியே போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எரிப் பட்டுன்னா என்ன? எரியுற நெருப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. அசாமிய மொழியில் ஆமணக்குக்கு 'எரா' என்று பெயர். ஆமணக்கு இலை தின்னும் புழு தரும் பட்டு 'எரி' ஆயிற்று. சித்த மருத்துவத்தில் ஆமணக்கை ஏரண்டம் என்பார்களே, அதற்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு. இந்தியில் இதே பட்டை 'எண்டி' என்பார்கள். தமிழில் 'ஆமணக்குப் பட்டு' என்றாலும் தவறில்லை.

அறிவியல் பெயர் சாமியா ரிசினி. பழைய பாடநூல்களில் ஃபிலோசாமியா ரிசினி என்று இருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான். 'ரிசினி' என்பது ஆமணக்கின் தாவரப் பெயரான ரிசினஸிலிருந்து வந்தது. லத்தீனில் ரிசினஸ் என்றால் உண்ணி. ஆமணக்கு விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: மாட்டின் காதில் ரத்தம் குடித்து உப்பிய உண்ணி மாதிரியே இருக்கும்.

2. மல்பெரிப் புழுவும் இதுவும் ஒரே குடும்பம்தானே?

இல்லை. மல்பெரிப் பட்டுப்பூச்சி பாம்பிசிடே குடும்பம். எரி சாட்டர்னிடே குடும்பம். தசார், மூகா, அட்லஸ் பூச்சி எல்லாம் இதற்குப் பங்காளிகள். மல்பெரி வளர்த்த அனுபவம் சுத்தம், காற்றோட்டம், தோலுரிப்பைக் கவனிப்பது ஆகியவற்றில் கைகொடுக்கும். தீனி, இடம், கூடு, நூல் நான்கிலும் கணக்கே வேறு. இரண்டையும் புழு வளர்க்கும் ஒரே மனையில் வைக்க வேண்டாம். புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊசி ஈ இரண்டையும் தாக்கும்.

3. இதோட சொந்த ஊர் எது? காட்டுலயும் இருக்கா?

பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய மலைகளும்தான் தாய்வீடு. போடோ, கார்பி, மிசிங், ராபா மக்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்கிறது. மேகாலயாவில் காசி மக்கள் இந்தத் துணியை 'ரிண்டியா' என்கிறார்கள். இன்றும் இந்திய எரியில் பெரும்பங்கு அசாமிலிருந்தே வருகிறது. 2021-22-ல் நாட்டின் கச்சாப் பட்டு உற்பத்தி 34,903 டன். அதில் எரி 7,364 டன். மல்பெரிக்கு அடுத்த இடம் எரிக்குத்தான் என்பது பலருக்கும் தெரியாது.

காட்டில் இந்த இனம் இல்லை. ஆடு மாடு போல, அவற்றைவிடவும் முழுமையாக, மனிதரை நம்பியே வாழ்கிறது. இதன் காட்டு மூதாதை சாமியா கேனிங்கி. இமயமலை அடிவாரத்திலிருந்து இந்தோசீனா வரை பரவியிருக்கிறது. எரி அதிலிருந்து வளர்ப்பினமாக மாறியது என்பதை 2003-ல் வந்த சாமியா பேரினத்தின் முழு மறுஆய்வு நிறுவியது. அதற்கு முன் எரியைச் சீனத்து ஐலாந்தஸ் பட்டுப்பூச்சியின் கிளையினம் என்று எழுதிவந்தார்கள். இணையத்தில் இன்னும் அந்தப் பழைய பெயர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆமணக்கும் மரவள்ளியும் விளையும் இடங்களுக்கெல்லாம் மனிதர்கள் இதைக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாய்லாந்து, சீனா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளிலும் எரி வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் மரவள்ளி அதிகம் விளையும் சேலம், நாமக்கல், தருமபுரி பகுதியில்தான் இதைப் பற்றிய பேச்சு அதிகம். இதன் இரண்டு தீனிப் பயிர்களுக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒரே ஆராய்ச்சி நிலையம் இருப்பது சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில்.

4. எங்க வீட்டுச் சுவர்ல கையளவு பூச்சி ஒண்ணு உக்காந்திருக்கு. இது எரிப் பூச்சியா?

பக்கத்தில் யாரும் எரி வளர்க்கவில்லை என்றால், அநேகமாக இல்லை. வெளிர் பச்சை நிறமும் நீண்ட வாலும் இருந்தால் நிலா அந்துப்பூச்சி. சிறகு நுனி பாம்புத் தலை போல வளைந்து, செம்பழுப்பில் கண்ணாடி போன்ற முக்கோணத் திட்டுகள் இருந்தால் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள அட்லஸ் இனம். நான்கு சிறகிலும் வட்டமான கண்ணாடிப் புள்ளி இருந்தால் தசார் வகை.

எரிப் பூச்சியின் சிறகில் வட்டம் இருக்காது, பிறை இருக்கும். கரும்பழுப்புச் சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பிறை, குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, வயிற்றில் வெள்ளைப் பஞ்சு முடிச்சுகள். சிறகு விரிப்பு சுமார் 11 முதல் 13 செ.மீ.

5. முட்டையிலிருந்து பூச்சி ஆக எத்தனை நாள்?

வெப்பத்தைப் பொறுத்தது. 25–28 டிகிரியில் முட்டை பொரிக்க 8–10 நாள், புழுப்பருவம் 18–25 நாள், கூடு கட்ட 3–4 நாள், கூட்டுக்குள் 15–20 நாள். ஆக ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம். அசாமின் குளிர்காலத்தில் இதுவே மூன்று மாதத்தை நெருங்கும்.

புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். தோலுரிக்கும் முன் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதைத் 'தூக்கம்' என்போம். அப்போது தீனி போடாதீர்கள், கையால் நகர்த்தாதீர்கள். புழு பழைய தோலைப் பட்டு இழையால் படுக்கையில் ஒட்டிவைத்துத்தான் அதிலிருந்து வெளியே வரும். அந்தப் பிடி விட்டுப்போனால் தோல் பாதியில் சிக்கிச் செத்துவிடும்.

எரிக்கு உறக்கநிலை, அதாவது பாதகமான காலத்தை வளராமல் தூங்கிக் கழிக்கும் நிலை, கிடையாது. தீனியும் சூடும் கிடைத்தால் ஆண்டுக்கு ஐந்தாறு தலைமுறை எடுக்கலாம். ஆனால் முட்டையை மாதக்கணக்கில் குளிரில் வைத்துக் காத்திருக்க முடியாது. இலை தயாராவதற்கு முன் முட்டை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. முதலில் இலை, பிறகு முட்டை.

6. பூச்சிக்குத் தேன், சர்க்கரைத் தண்ணி எதாவது வைக்கணுமா?

வேண்டாம். அதற்குத் தின்ன வாயே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் ஐந்து முதல் எட்டு நாள் வாழும். கடைசிப் பருவப் புழுவின் தீனியில் குறைவைத்தால் அது முட்டையின் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

7. ஆமணக்கு இல்லாம வேற என்ன இலை கொடுக்கலாம்?

ஆமணக்குதான் முதன்மை. அசாமில் கெசேரு மரத்தின் இலையும் அதற்கு ஈடாகப் பயன்படுகிறது. மரவள்ளி அடுத்தது. பப்பாளி, பெருமரம், ஈழத்தலரி, காட்டாமணக்கு இலைகளையும் தின்னும். அவற்றை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பி இறங்கக் கூடாது. வளர்ச்சி தாமதமாகும், கூட்டின் எடை குறையும்.

இளம்புழுவுக்கு ஆமணக்கும் நான்காம் பருவத்திலிருந்து மரவள்ளியும் கொடுப்பது நல்ல முறை. மாற்றுவதானால் தோலுரித்து எழுந்தவுடன், முதல் நாள் இரண்டு இலையையும் கலந்து போட்டு மாற்றுங்கள். பருவத்தின் நடுவில் திடீரென மாற்றினால் புழு இலையின் மேல் ஏறி நிற்கும், கடிக்காது.

8. மரவள்ளி இலையில சயனைடு இருக்குன்னு சொல்றாங்களே, புழு சாகாதா?

இருப்பது உண்மைதான். மரவள்ளித் திசுவில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. இலை கடிபட்டதும் அது நொதியுடன் கலந்து சயனைடை வெளியிடுகிறது. மாடு ஒரு கட்டு இலையை ஒரே மூச்சில் தின்றால் சாகும். எரிப்புழு சிறுகச் சிறுகத் தின்கிறது, வரும் சயனைடைத் தாங்கும் திறனும் அதற்கு உண்டு.

ஆனால் அந்தத் திறனுக்கு ஒரு எல்லை இருக்கிறது. கொழுந்து இலையைத் தவிர்த்து நடுத்தண்டின் முற்றிய இலையைப் பறியுங்கள். கசப்பு ரகத்தை விட்டுச் சமையலுக்கு ஆகும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். வறட்சியில் வாடி நிற்கும் செடியின் இலையில் சயனைடு கூடுதலாக இருக்கும். தண்ணீர் விட்டு, செடி தேறிய பிறகு பறியுங்கள்.

9. ஆமணக்கு விதை கொடிய விஷமாச்சே. அந்தத் துணியைக் கட்டினா ஒண்ணும் ஆகாதா?

ஒன்றும் ஆகாது. ரிசின் என்ற நஞ்சு இருப்பது விதையில். புழு தின்பது இலையை. பட்டோ, புழுவே தன் சுரப்பியில் தயாரிக்கும் தனிப் புரதம். இலையில் உள்ளது அதில் அப்படியே வந்து சேராது.

10. இலையைப் பறிச்சா கிழங்கும் விதையும் குறையாதா? எவ்வளவு முட்டைக்கு எவ்வளவு இலை வேணும்?

செடியில் உள்ள இலையில் கால் பங்குக்குள் நிறுத்திக்கொண்டால் விளைச்சல் பெரிதாகப் பாதிக்காது. அதற்கு மேல் பறித்தால் கிழங்கிலிருந்து எடுத்துப் புழுவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

கணக்கு இப்படி. ஒரு தாய்ப்பூச்சியின் முட்டைத் தொகுதியில் சுமார் 300 முட்டை. 100 தொகுதி வாங்கினால் 30,000 புழு. ஒரு புழு வாழ்நாளில் 25 முதல் 30 கிராம் இலை தின்னும். ஆக 750 முதல் 900 கிலோ வரை வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளிலேயே தீர்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் "இலை நிறைய மிச்சம் இருக்கே" என்று தோன்றுவதை நம்பாதீர்கள். எல்லாரும் மாட்டிக்கொள்வது அந்தக் கடைசி வாரத்தில்தான். முதல் முறை வளர்ப்பவர் 10 தொகுதியோடு தொடங்கினால் போதும்.

30,000 புழுவில் 24,000 கூடு கட்டி, கூட்டுப்புழு நீங்கிய வெறும் ஓடு ஒன்று 0.4 கிராம் என்று வைத்தால் 9.6 கிலோ பட்டு ஓடு கிடைக்கும். இதைவிட மிக அதிகமாக யாராவது வாக்குக் கொடுத்தால் எந்த எடையைச் சொல்கிறார் என்று கேளுங்கள். கூட்டுப்புழுவோடு சேர்ந்த பச்சைக் கூடு ஓட்டைப்போல் ஏழெட்டு மடங்கு கனக்கும்.

11. ஒரே தட்டுல சில புழு மஞ்சள், சில புழு நீலம், சிலதுல புள்ளி. மேல வெள்ளையா மாவு வேற. நோயா?

நோய் இல்லை. எரியில் மஞ்சள், பசுநீலம் என்ற இரண்டு உடல் நிறங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் வெற்றுடல், புள்ளி, வரிக்குதிரைக் கோடு என மூன்று வகை. எல்லாம் பரம்பரைக் குணம். அந்த வெள்ளை மாவு, புழு தானே சுரக்கும் மெழுகு. தொட்டால் விரலில் ஒட்டும். வளர்ந்த புழுவின் மேல் அது சீராகப் பூத்திருப்பது நல்ல அறிகுறி. மிளகுத் தூள் தூவியது போன்ற பொடிக் கரும்புள்ளி மட்டும் வேறு விஷயம். அதை 15-ஆம் கேள்வியில் பாருங்கள்.

12. கூடு எல்லாத்துலயும் ஒரு முனை ஓட்டையா இருக்கு. கெட்டுப்போச்சா?

நாங்கள் அதிகமாகக் கேட்ட கேள்வி இது. கெடவில்லை. எரிக் கூடு கட்டப்படும்போதே வாசலோடுதான் கட்டப்படுகிறது.

ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனை மூடி உருண்டிருக்கும். மறு முனையில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மீன்பிடிக் கூடையின் வாய் போலக் கூம்பாகக் குவிந்து நிற்கும். உள்ளிருந்து தள்ளினால் விரியும். வெளியிலிருந்து எறும்பு தள்ளினால் இறுகும். பூச்சி அந்த வழியாகச் சிறகு நனைந்த துணி போலச் சுருண்டிருக்க வெளியே வந்து, எதையாவது பற்றித் தொங்கிச் சிறகை விரித்துக்கொள்ளும். மல்பெரிப் பூச்சி கூட்டை நனைத்துக் கரைத்து வழி உண்டாக்க வேண்டியிருக்கிறது. எரிக்கு அந்தப் பாடு இல்லை. அதன் உடலமைப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இந்த வாசல்தான். இனி வரும் பல பதில்களுக்கு இதுவே ஆதாரம்.

வாசல் இல்லாத பக்கத்தில் வட்டமாக ஒரு துளை இருந்தால், அது ஊசி ஈயின் புழு துளைத்துக்கொண்டு வெளியேறிய இடம். அந்தக் கூடுகளை மட்டும் பிரித்துவிடுங்கள்.

13. அப்போ நூல் எப்படி எடுக்குறது? மல்பெரி மாதிரி வெந்நீர்ல போட்டுச் சுத்த முடியாதா?

முடியாது. வாசலுக்காகப் புழு இழையை முனையில் மடக்கி மடக்கிக் கட்டுகிறது. இழை தொடர்ச்சியாக இருக்காது. எனவே எரியைப் பஞ்சு போல நூற்க வேண்டும்.

வெறும் ஓட்டைத் துணிப்பையில் கட்டி, லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். நடுவில் ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சாக விரிந்தால் போதும், நறுக்கென்று விறைத்தால் இன்னும் கொஞ்சம். சோடா கூடினால் இழை மஞ்சளாகி வலுவிழக்கும். மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தோடு விரலில் மாட்டி அப்பம் போல விரித்துக் காயவைத்து, தக்ளியிலோ ராட்டையிலோ நூற்கலாம். இப்படி நூற்ற நூலில் காற்று தங்கும், அதனால் துணி கதகதப்பாக இருக்கும். வெயிலுக்குத் தயிர், குளிருக்கு எரித் துணி என்ற பொருளில் அசாமில் ஒரு பழமொழியே இருக்கிறது.

14. உயிரைக் கொல்லாத பட்டுன்னு விக்கிறாங்களே, உண்மையா?

உண்மையாக இருக்கலாம், எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. 12-இல் சொன்ன வாசலால், பூச்சி பறந்த பிறகும் ஓட்டின் மதிப்புக் குறைவதில்லை. மல்பெரியில் அதற்கு இடமில்லை. கொல்லாமல் எடுக்க இந்த இனத்தில் வழி இருக்கிறது என்பது மறுக்க முடியாதது.

வடகிழக்கில் எரிக் கூட்டுப்புழு விரும்பி உண்ணப்படும் உணவு. பல வீடுகளில் புழுவுக்காகவே எரி வளர்க்கிறார்கள், பட்டு உடன் கிடைப்பது. அங்கே கூட்டைத் திறந்து புழுவை எடுத்துச் சமைத்துவிடுவார்கள். புரதம் மிகுந்த நல்ல உணவு. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓட்டை 'அகிம்சைப் பட்டு' என்று விற்பது பொய். உங்களுக்கு அது முக்கியம் என்றால், பூச்சி வெளியேறிய பிறகு எடுத்த கூடுதானா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

15. நேத்து வரைக்கும் நல்லா தின்னுச்சு, இன்னிக்குக் கூட்டமா சாகுது. என்ன காரணம்?

புழு பச்சையாக வாந்தியெடுத்து, துடித்து, உடல் சுருங்கிச் சில மணி நேரத்தில் மொத்தமாகச் செத்தால் பூச்சிமருந்து. 2020-க்குப் பின் மாவுப்பூச்சி பரவி மரவள்ளிக்கு மருந்தடிப்பது கூடியது. அதற்கு எதிரான ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூரில் விட்ட பிறகும், மருந்து அடிக்கும் வயல்கள் இருக்கின்றன. பக்கத்து வயலில் அடித்தால் காற்றில் வந்துவிடும். புது இடத்து இலை என்றால் முதலில் இருபது புழுவுக்குப் போட்டு ஒரு நாள் பாருங்கள்.

உடல் தளர்ந்து, கழிச்சல் நீராகி, கறுத்துத் துர்நாற்றம் வந்தால் பாக்டீரியா நோய். ஈர இலை, மூட்டையில் சூடேறிய இலை, நெரிசல் மூன்றும்தான் வழக்கமான காரணம். மழையில் பறித்த இலையை விரித்து ஈரம் போக்கிய பிறகே போடுங்கள். செத்த புழு சுண்ணாம்புக்கட்டி போல விறைத்தால் பூஞ்சை. ஈரத்தைக் குறைத்து, சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர்த்துங்கள்.

ஒரே நாளில் பொரித்த புழுக்கள் அளவில் ஏறுக்குமாறாக இருந்து, மந்தமாகி, மிளகுப் புள்ளி தெரிந்தால் பெப்ரைன் என்ற நுண்ணுயிர் நோய் என்று சந்தேகியுங்கள். இது தாயின் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும், மருந்து இல்லை. முழுத் தொகுதியையும் எரித்து, மனையையும் தட்டையும் 5 சதவீதப் பிளீச்சிங் பவுடர் கரைசலால், அதாவது லிட்டருக்கு 50 கிராம், கழுவுங்கள். சிலதைக் காப்பாற்றலாம் என்று வைத்திருப்பது அடுத்த வளர்ப்பையும் அழிக்கும்.

16. சித்திரை வெயில்ல வளர்க்கலாமா?

மற்ற மாதங்களில் பழகிய பிறகு பாருங்கள். எரிக்குப் பிடித்தது 24–28 டிகிரியும் 75–85 சதவீத ஈரப்பதமும். 32-ஐத் தாண்டி வறண்ட காற்றும் சேர்ந்தால் தீனி குறையும், கூடு மெலியும். அதைவிட மோசம், ஆண்பூச்சி மலடாகி முட்டை பொரிக்காமல் போவது. சமவெளியில் ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை நிம்மதியான காலம். கோடையில் வளர்த்தே ஆகவேண்டுமென்றால் கூரைமேல் தென்னங்கீற்று, சுற்றிலும் நனைத்த சாக்கு, முக்கியத் தீனி இரவில்.

17. பழுத்த புழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பழுத்த புழு என்பது கூடு கட்டத் தயாரான புழு. அது தின்பதை நிறுத்தித் தட்டின் விளிம்புக்கு ஊர்ந்து வரும், உடல் மஞ்சளித்துக் கண்ணாடித்தன்மை பெறும், கடைசியாக நீராகக் கழியும். கையில் எடுத்து விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை வரும். அப்போது சந்திரிகை என்ற கூடு கட்டும் தட்டியிலோ, உலர்ந்த மா, பலா இலைக் கொத்துக்குள்ளோ விடுங்கள். கோடையில் ஐந்தாறு நாளில், குளிரில் எட்டு ஒன்பது நாளில் அறுவடை. முன்னதாகப் பிரித்தால் உள்ளே இன்னும் கூட்டுப்புழு ஆகாத மென்புழு நசுங்கிப் பட்டில் கறை பிடிக்கும்.

18. நாங்களே முட்டை எடுத்து அடுத்த வளர்ப்புக்கு வச்சுக்கலாமா?

சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவில் எடுக்கலாம், ஆனால் 15-இல் சொன்ன பெப்ரைனை மறக்காதீர்கள். கனத்த, நன்கு உருவான கூடுகளை ஒற்றை அடுக்காக வையுங்கள். அகன்ற சீப்பு போன்ற உணர்கொம்பு உள்ளது ஆண். குறுகிய கொம்பும் பருத்த வயிறும் உள்ளது பெண். இரவில் இணைசேரும், ஆறு மணி நேரமாவது விட்டு, மெதுவாகப் பிரியுங்கள். அசாமில் வைக்கோலைக் கட்டிய 'கரிகா' என்ற குச்சியில் பெண்பூச்சியைச் சிறகோடு நூலால் கட்டி முட்டையிட விடுவார்கள். முதல் மூன்று இரவின் முட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிந்தியவை பலவீனம்.

பிறகு தாய்ப்பூச்சியின் வயிற்றை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மினுமினுக்கும் முட்டைவடிவ வித்துகள் தெரிந்தால் அந்தத் தாயின் முட்டை முழுவதும் நெருப்புக்கு. இந்த வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு வளர்ப்புக்கும் நோயற்ற முட்டையை அரசு அமைப்புகளிடமே வாங்குவது மலிவு. முட்டை தயாரித்து விற்பதற்கு 2006-ல் திருத்தப்பட்ட மத்தியப் பட்டு வாரியச் சட்டத்தின்படி பதிவு தேவை.

19. பூச்சி தப்பிச்சுப் போயிட்டா ஊர்ப் பயிரைத் தின்னுடுமா?

எரி அப்படிப் பெருகியதில்லை. அதன் பறத்தல் வலுவற்றது, புழு வெள்ளைவெளேரென்று இலைமேல் கிடக்கும். காக்கை, குளவி, எறும்பு விடாது. 5-இல் சொன்னபடி உறக்கநிலை இல்லாததால் தீனியில்லாத காலத்தைத் தாண்டவும் முடியாது. ஆனால் இதன் உறவான ஐலாந்தஸ் பூச்சி வேறு. 1861-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பி, கிழக்குக் கடற்கரை நகரங்களில் தானாகவே நிலைத்துவிட்டது. அந்த இனம் கூட்டுக்குள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும்.

20. அப்போ ஐலாந்தஸ் பூச்சி, கேனிங்கி, எரி மூணும் வேற வேற இனம்னா ஒண்ணோடொண்ணு சேராதா?

சேரும். எரியும் கேனிங்கியும் இணைந்து பிறப்பவை வளமானவை. ஐலாந்தஸ் கூட்டத்தோடும் ஆய்வகத்தில் கலப்பினம் எடுத்திருக்கிறார்கள். இந்தப் பேரினத்தில் குரோமோசோம் எண்ணிக்கையே கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. எரியில் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 27. பெண்ணுக்கு ஒன்று குறைவதற்குக் காரணம், பெண்பாலுக்குரிய டபிள்யூ குரோமோசோம் எரியில் இல்லை. ஒரே ஒரு இசட் மட்டும்தான்.

நடைமுறையில் இதற்கு ஒரு பயன் உண்டு. பல தலைமுறையாக ஒரே கூட்டத்துக்குள் வளர்ந்து நலிந்த எரிக்குப் புதுரத்தம் வேண்டுமானால், அது வடகிழக்கு மலைகளில் இன்னும் காட்டில் வாழும் கேனிங்கியிடம் இருக்கிறது.